சேப்பாக்கத்தின் கதவைத் திறந்த புச்சி பாபு

கிரிக்கெட் நாள் வந்துவிட்டால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னஞ் சிறுவர்கள் ஏறுகிறார்கள். பூவிருந்தவல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் ஏராளம். எல்லோரும் போகும் இடம் ஒன்றுதான். சேப்பாக்கம் மைதானம்!

கையில் டிக்கெட் இருந்தால் போதும். உள்ளே போகலாம். நீ யார், உன் நிறம் என்ன என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஒரு காலம் இருந்தது. அப்போது சேப்பாக்கம் வெள்ளைக்காரர்களின் மைதானம். அங்கே இந்தியர்கள் வேலைக்காரர்களாக நுழையலாம்; தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். சரிசமமாக உட்கார முடியாது. பந்தும் மட்டையுமாக ஆட வந்த இந்திய வீரர்களுக்கே அந்த நிலைமை!

அந்த நிலைமையை மாற்றப் பாடுபட்டவர் ஒருவர். அவர் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. மேடை ஏறிப் பேசவில்லை. ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார். இருபது ஆண்டுகள் காத்திருந்தார்.

அவர்தான் புச்சி பாபு நாயுடு. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று விளையாட்டு உலகம் போற்றும் மனிதர். அவருடைய வரலாற்றைப் பார்ப்போம்.

நவாபின் தோட்டம்

முதலில் மைதானத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேப்பாக்கத்தில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது ஒரு பழைய அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ம் ஆண்டில் கட்டியது அது. வாலாஜா ரோடு என்ற பெயர் அவரை நினைவுபடுத்துவதே. அரண்மனையைச் சுற்றிலும் பெரிய தோட்டம் இருந்தது.

1855-ம் ஆண்டில் நவாப் குலாம் கவுஸ் கான் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு கிடையாது. அதையே காரணம் காட்டி ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தார்கள். அரண்மனையும் தோட்டமும் சர்க்கார் வசம் ஆயின.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1846-ல், சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கம் தோன்றியிருந்தது. அதன் பெயர் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். அலெக்சாண்டர் அர்பத்நாட் என்ற ஆங்கில அதிகாரி அதை ஆரம்பித்தார். பிற்பாடு 1872-ல் சிறிது காலம் சென்னைக்குத் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர் அவர்.

1860-களில் அந்தச் சங்கத்துக்குச் சேப்பாக்கத்தில் இடம் கிடைத்தது. நவாப் உலாவிய தோட்டத்தில் துரைமார்கள் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். மைதானத்தின் ஓரத்தில் பெவிலியன் எழுந்தது. பெவிலியன் என்றால் ஆட்டக்காரர்கள் உடை மாற்றவும், இளைப்பாறவும், சாப்பிடவும் கட்டிய மண்டபம்.

சங்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே இடம். பெவிலியனும் அவர்களுக்கு மட்டுமே.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு பந்தாட்டம் உண்டு. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. பாஸ்டன் நகரத்திலுள்ள ஃபென்வே பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தை அந்த நாட்டார் கோயில் போலப் போற்றுகிறார்கள். அது 1912-ல் திறக்கப்பட்டது. நமது சேப்பாக்கம் அதைவிட மூத்தது!

லஸ் பங்களாவில் ஒரு குழந்தை

சேப்பாக்கத்தில் துரைமார்கள் ஆட வந்த அதே காலத்தில், 1868-ம் ஆண்டில், புச்சி பாபு பிறந்தார். முழுப் பெயர் வெங்கட மகிபதி நாயுடு. புச்சி பாபு என்பது அழைக்கும் பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய தாய்வழிப் பாட்டனார் டேரா வெங்கடசாமி நாயுடு பெரிய செல்வந்தர், துபாஷி. துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆங்கில வியாபாரிகளுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்று, பேச்சையும் வியாபாரத்தையும் நடத்திக் கொடுப்பது துபாஷிகளின் தொழில். அந்தத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர்கள் சென்னையில் பலர்.

பாட்டனார் பேரனைத் தத்து எடுத்து வளர்த்தார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் அவர்களுக்கு ஒரு பெரிய பங்களா இருந்தது. லஸ் ஹவுஸ் என்று பெயர். மரங்கள் அடர்ந்த தோட்டம், ஏவலுக்கு ஆட்கள். எதற்கும் குறைவில்லை.

பிள்ளைகளைக் கவனிக்க ஆங்கிலத் தாதிகளை வைத்திருந்தார்கள். அவர்கள் சிறுவன் புச்சி பாபுவைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போவது உண்டு. அங்கே துரைமார்கள் வெள்ளை உடை அணிந்து ஆடுவதைச் சிறுவன் பார்த்தான். மட்டையில் பந்து படும் ஓசை அவன் காதில் விழுந்தது. ஆசை பிறந்தது.

பணக்கார வீட்டுப் பிள்ளை அல்லவா? மட்டையும் பந்தும் வீட்டுக்கே வந்தன. தோட்டத்திலேயே ஆட இடம் இருந்தது. புச்சி பாபு நல்ல ஆட்டக்காரராக வளர்ந்தார்.

ஆனால் பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் இருந்தது. அதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

மரத்தடிச் சாப்பாடு

கிரிக்கெட் நாள் முழுக்க நடக்கும் ஆட்டம். நடுவில் பகல் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். காலையில் எதிரியாக நின்றவனுக்கு மத்தியானம் ரொட்டியை எடுத்து நீட்டுவார்கள்.

அந்த மரியாதை வெள்ளைக்காரர்களுக்குள்தான். சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்களுக்குக் கிடையாது.

மைதானத்தில் இறங்கிப் பந்து வீசலாம். துரை அடித்த பந்தைத் துரத்தி ஓடலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் துரைமார்கள் பெவிலியனுக்குள் போவார்கள். நம்மவர்கள் வெளியே மரத்தடிக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி ஆட வர வேண்டும்.

ஆட்டத்தில் சமம், சாப்பாட்டில் சமம் இல்லை! இது என்ன நியாயம்?

சொத்தும் அந்தஸ்தும் உள்ள புச்சி பாபுவுக்கு இது மனத்தில் தைத்தது. இந்தத் தடை ஏழை, பணக்காரன் என்று பார்க்கவில்லை. தோலின் நிறத்தை மட்டுமே பார்த்தது. லஸ் பங்களாவின் வாரிசும் மரத்தடிக்காரரே.

இப்படிப்பட்ட நேரத்தில் சிலர் கோபப்பட்டு ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு பழகிப் போவார்கள். புச்சி பாபு இந்த இரண்டையும் செய்யவில்லை.

இருபது வயதில் ஒரு சங்கம்

1888-ம் ஆண்டு. புச்சி பாபுவுக்கு இருபது வயது. அந்த வயதில் அவர் ஒரு விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார். அதன் பெயர் மெட்ராஸ் யுனைடெட் கிளப். யுனைடெட் என்றால் ஒன்றுபட்டது என்று அர்த்தம்.

சங்கத்துக்கு எஸ்பிளனேடு பகுதியில் இடம் கிடைத்தது. கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையில் இருந்த திறந்தவெளி அது. ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்து ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்கு அந்த இடம் அதிக தூரமில்லை. கூப்பிடு தூரத்தில் வெள்ளைக்காரர்களின் கோட்டை! அதன் பக்கத்தில் இந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு மைதானம் அமைத்தார்கள்.

மைதானம் கிடைத்தால் போதுமா? ஆட ஆள் வேண்டும்.

கிரிக்கெட் செலவு பிடிக்கும் ஆட்டம். மட்டை சீமையிலிருந்து வர வேண்டும். கால்களுக்குத் தடுப்பு வேண்டும். கையுறை வேண்டும். வெள்ளை உடுப்பும் பூட்சும் வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பையன் இதற்கெல்லாம் எங்கே போவான்?

புச்சி பாபு தம் பணப்பையைத் திறந்தார். திறமையுள்ள பையன் என்று கேள்விப்பட்டால் தேடிப் போய் அழைத்து வருவார். மட்டை இல்லாதவனுக்கு மட்டை. உடுப்பு இல்லாதவனுக்கு உடுப்பு. ஆட்டத்தின் நுணுக்கங்களையும் சொல்லிக் கொடுத்தார்.

லஸ் பங்களாவின் செல்வம் எஸ்பிளனேடு புல்தரையில் இப்படிச் செலவாயிற்று. இளைஞர்கள் உருவானார்கள். வெள்ளைக்காரர்களைக் கண்டு நடுங்காமல், நேருக்கு நேர் நின்று ஆடக் கற்றார்கள்.

இது ஒரு நாள், இரண்டு நாள் வேலை இல்லை. இருபது ஆண்டுகள் நடந்தது.

பம்பாயும் சென்னையும்

அந்த நாளில் இந்தியாவில் கிரிக்கெட்டுக்குப் பேர்போன நகரம் பம்பாய். அங்கே பார்சிக்காரர்கள் 1848-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். 1886-ல் கப்பலேறிச் சீமைக்கே போய் ஆடிவிட்டு வந்தார்கள். 1892 முதல் பம்பாய் வெள்ளைக்காரர்களும் பார்சிகளும் ஆண்டுதோறும் பெரிய பந்தயம் ஆடினார்கள்.

பிறகு அந்தப் பந்தயத்தில் 1907-ல் இந்துக்கள் கட்சி சேர்ந்தது. 1912-ல் முஸ்லிம்கள் கட்சி சேர்ந்தது. ஆக, பம்பாயில் மதத்துக்கு ஒரு கட்சி. ஒரு மதத்தார் ஜெயித்தால் இன்னொரு மதத்தாருக்கு வருத்தம். பிற்காலத்தில் அந்தப் பந்தயமே கூடாது என்று தேசத் தலைவர்கள் சொல்லும்படி ஆயிற்று.

சென்னையில் அப்படி ஆகவில்லை. புச்சி பாபு திட்டமிட்ட பந்தயத்தில் கட்சிகள் இரண்டே இரண்டு. ஒரு பக்கம் ஐரோப்பியர்கள். மறுபக்கம் இந்தியர்கள். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்ற பேச்சுக்கே அதில் இடம் இல்லை. நன்றாக ஆடுகிறவன் எவனோ, அவன் இந்தியன் என்ற பெயரில் களம் இறங்கினான்.

சங்கத்துக்கு ஒன்றுபட்டது என்று பெயர் வைத்தவர் அல்லவா? பந்தயத்திலும் அந்தப் பெயரைக் காப்பாற்றினார்.

பந்தயத்துக்கு நாள் குறித்தார்கள்

இந்தியர்கள் தயாராகிவிட்டார்கள். இனிச் சேப்பாக்கத்துத் துரைமார்கள் சம்மதிக்க வேண்டும்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் அப்போது பார்ட்ரிட்ஜ் என்பவர் முக்கியஸ்தர். புச்சி பாபு அவரிடம் பேசினார். ஐரோப்பியர் கட்சியும் இந்தியர் கட்சியும் சரிசமமாக மோதும் பந்தயம் ஒன்று சேப்பாக்கத்தில் நடக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஒரு நாள் வேடிக்கை ஆட்டமாக இல்லாமல், முறையான பந்தயமாக அது இருக்க வேண்டும்.

பார்ட்ரிட்ஜ் சம்மதித்தார். 1908-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் ஆடுவது என்று முடிவாயிற்று.

இருபது ஆண்டு உழைப்பு பலிக்கும் நேரம் வந்தது. மரத்தடிக்கு அனுப்பப்பட்டவர்கள் சேப்பாக்கத்துக்குச் சமமான எதிரிகளாகப் போகப் போகிறார்கள். அந்தக் கட்சிக்கு முன்னால் நடக்கத் தகுதி உள்ளவர் புச்சி பாபு அல்லாமல் வேறு யார்?

ஆனால் விதியின் கணக்கு வேறாக இருந்தது.

பந்தயத்துக்குச் சற்று முன்னால் புச்சி பாபு காலமானார். வயது நாற்பதுதான்!

எந்தக் காட்சியைக் காண்பதற்காக அவர் இருபது ஆண்டுகள் பாடுபட்டாரோ, அந்தக் காட்சியை அவர் கண்கள் பார்க்கவில்லை.

சங்கத்தார் கலங்கிப் போனார்கள். ஆனாலும் பந்தயத்தைக் கைவிடவில்லை. பி.சுப்பிரமணியம் என்ற ஆட்டக்காரர் தலைமை ஏற்றார். புச்சி பாபுவுடன் சேர்ந்து சங்கத்தை வளர்த்தவர் அவர். தலைவரை இழந்த கட்சி, அவர் குறித்த பந்தயத்தை ஆடி முடித்தது.

சேப்பாக்கத்தின் கதவு திறந்தது. திறந்தவர் மட்டும் அங்கே இல்லை.

பொங்கல் பந்தயம்

ஒருமுறை திறந்த கதவை மறுபடி மூட முடியவில்லை.

1915-ம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பந்தயம் ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. பிரசிடென்சி மாட்ச் என்று அதற்குப் பெயர். பிரசிடென்சி என்பது அந்த நாளைய சென்னை ராஜதானி. பொங்கல் சமயத்தில் நடந்ததால் ஜனங்கள் அதைப் பொங்கல் பந்தயமாகவே கொண்டாடினார்கள்.

காலையில் வீட்டில் பொங்கல் பொங்கும். பிறகு கிரிக்கெட் ஆசையுள்ளவர்களின் கால்கள் சேப்பாக்கத்துக்கு நடக்கும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்த் திருவிழா மாதிரி.

கூட்டம் கூடக் கூட ஒரு மாறுதல் ஏற்பட்டது. கிரிக்கெட் துரைமார்களின் ஆட்டம் என்ற எண்ணம் போயிற்று. அது நம் ஆட்டம் என்ற எண்ணம் வந்தது. தெருவில் பையன்கள் தென்னை மட்டையைச் செதுக்கி ஆட ஆரம்பித்தார்கள்.

அந்தத் தெருக்களிலிருந்து வீரர்கள் வந்தார்கள். திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம்.ஜே.கோபாலன் அவர்களில் ஒருவர். செல்வாக்கு இல்லாத குடும்பத்துப் பிள்ளை. கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடினார்! அவருடைய திறமையைக் கண்டு கை கொடுத்தவர் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பொங்கல் பந்தயத்தில் ஐரோப்பியர் கட்சியில் ஆடியவர் அந்த ஜான்ஸ்டன். சேர்ந்து ஆடினால் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள், பாருங்கள்!

1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி இந்தியாவின் முதல் ரஞ்சி கோப்பை ஆட்டம் நடந்தது. நடந்த இடம் சேப்பாக்கம். சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59 என்ற ரன்களில் இரண்டு முறையும் சுருண்டது. சென்னை 130 ரன் எடுத்திருந்தது. ஏ.ஜி.ராம்சிங் ஒருவரே 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது!

நாற்பதில் போன தந்தை, நாற்பதில் ஆடிய மகன்

புச்சி பாபுவின் பிள்ளைகளும் கிரிக்கெட்டை விடவில்லை. மகன் பாலையா பெயர் பெற்ற ஆட்டக்காரர். கடைசி மகன் ராமசாமியோ தந்தையின் புகழைச் சீமை வரை கொண்டு போனார்.

ராமசாமி 1896-ல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்குத் தத்துப் போனதால் கோட்டா ராமசாமி ஆனார். தந்தை இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது.

அவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குப் படிக்கப் போனார். அங்கே டென்னிஸில் பெயர் எடுத்தார். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஆடினார். ஊர் திரும்பி விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். பொங்கல் பந்தயத்தில் மட்டையைச் சுழற்றினார்.

1936-ம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போன இந்திய கிரிக்கெட் கோஷ்டியில் ராமசாமிக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது! மற்றவர்கள் மட்டையைக் கீழே வைக்கும் வயதில் அவர் முதல் டெஸ்டில் ஆட இறங்கினார். டெஸ்ட் என்றால் இரண்டு நாடுகள் பல நாட்கள் மோதும் பெரிய பந்தயம்.

மான்செஸ்டர் நகரில் அந்த ஆட்டம் நடந்தது. முதல் தடவை 40 ரன் எடுத்தார். இரண்டாம் தடவை 60 ரன் எடுத்தார். இங்கிலாந்துக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

தந்தைக்கு நாற்பது வயதில் வாழ்க்கை முடிந்தது. மகனுக்கு அதே நாற்பது வயதில் சர்வதேச கிரிக்கெட் வாழ்க்கை ஆரம்பித்தது. தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் ஆடியது போல் இருக்கிறதல்லவா?

இந்த மகனின் முடிவு சோகமானது. 1985-ம் ஆண்டில், முதிர்ந்த வயதில், வீட்டை விட்டு வெளியே சென்றவர் திரும்பி வரவே இல்லை. தேடியும் கிடைக்கவில்லை.

சேப்பாக்கம் கண்ட வெற்றி

புச்சி பாபு திறந்த கதவு வழியாக இந்தியாவே நுழைந்தது.

1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. இந்தியக் கட்சிக்கு சி.கே.நாயுடு தலைவர். இங்கிலாந்துக்கு ஜார்டின் தலைவர். நம்மவர் அமர்சிங் ஒரே இன்னிங்சில் 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனாலும் இங்கிலாந்து 202 ரன்னில் ஜெயித்தது.

சுதந்திரம் வந்தது. ஆனால் டெஸ்ட் வெற்றி வரவில்லை. 1932 முதல் 24 டெஸ்டுகள் ஆடியும் இந்தியா ஒன்றில்கூட ஜெயித்ததில்லை.

1952 பிப்ரவரி. இந்தியாவின் 25-வது டெஸ்ட். இடம் அதே சேப்பாக்கம். எதிரி அதே இங்கிலாந்து. ஆட்டம் ஆரம்பித்த 6-ந் தேதி இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தி வந்தது. மறுநாள் ஆட்டத்தை நிறுத்தி மரியாதை செய்தார்கள்.

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. வினு மன்கட் பந்து வீச்சில் பொறி பறந்தது. இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 12 விக்கெட்! பங்கஜ் ராய் 111 ரன். உம்ரிகர் ஆட்டம் இழக்காமல் 130 ரன். விஜய் ஹசாரே தலைமையில் இந்தியா ஓர் இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுதான்! எந்த மைதானத்தில் இந்தியனை மரத்தடிக்கு அனுப்பினார்களோ, அந்த மைதானத்தில், அந்த இங்கிலாந்தையே வென்றோம்.

பொங்கல் பந்தயமும் அந்த 1952-ம் ஆண்டோடு நின்றது. ஐரோப்பியர்களில் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பந்தயம் செய்ய வேண்டிய வேலையும் முடிந்துவிட்டது.

விருந்தாளிக்கு மரியாதை

பிற்காலத்தில் மைதானம் பெரிய ஸ்டேடியம் ஆயிற்று. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்த எம்.ஏ.சிதம்பரம் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்துக் கட்டினார்கள்.

அங்கே நடந்த அதிசயங்கள் பல. 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் வெற்றி தோல்வி இல்லாமல் சரிசமமாக முடிந்தது. இரண்டு கட்சிகளின் மொத்த ரன்னும் ஒன்றே! உலகத்தில் அப்படி நடந்தது அதுவரை ஒரே ஒரு தடவைதான். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ், சென்னை வெயிலில் உடல் சோர்ந்தும் நின்று 210 ரன் எடுத்தார்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காட்சி 1999 ஜனவரியில் நடந்தது.

பாகிஸ்தான் கோஷ்டி ஆட வந்திருந்தது. கடைசி நாள். சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு போராடி 136 ரன் எடுத்தார். வெற்றி கைக்கு எட்டும் நேரத்தில் அவர் ஆட்டம் இழந்தார். பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்துவிட்டது.

சிறிது நேரம் மைதானம் மௌனமாக இருந்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்றார்கள். வென்ற பாகிஸ்தான் வீரர்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். உலகமே சென்னை ஜனங்களைப் பாராட்டியது.

ஆட வந்தவனை வெளியே உட்கார வைத்த மைதானம் அது. இப்போது, தங்களைத் தோற்கடித்த விருந்தாளியை எழுந்து நின்று கௌரவிக்கும் மைதானமாக மாறியது. இதைவிடப் பெரிய மாறுதல் என்ன வேண்டும்?

நிலைத்த பெயர்

புச்சி பாபு மறைந்த மறு ஆண்டே, 1909-ல், அவர் பெயரால் ஒரு கிரிக்கெட் போட்டி ஏற்பட்டது. உள்ளூர்ச் சங்கங்களின் போட்டியாகத் தொடங்கியது அது. 1960-களில் இந்தியாவின் பல பாகங்களிலிருந்து கோஷ்டிகள் வந்து ஆடும் போட்டியாக வளர்ந்தது. இந்தியாவுக்கு ஆடிய எத்தனையோ வீரர்கள் அதில் கை பழகியவர்கள். இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்தது. 2023-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் மறுபடியும் நடக்க ஆரம்பித்தது.

ஆனால் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் கோப்பையில் இல்லை. அது நம் கண் முன்னால் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூர் காலி மனையைப் பாருங்கள். ஆவடி குடியிருப்புகளின் நடுவிலுள்ள திடலைப் பாருங்கள். பூவிருந்தவல்லித் தெருவைப் பாருங்கள். ரப்பர் பந்தும் பழைய மட்டையுமாகப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளியின் மகனும் ஆடுகிறான். அதிகாரியின் மகனும் ஆடுகிறான். நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று கை மாறிக் கை மாறிப் போகிறது.

பெற்றோர்களே! அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டை இல்லை என்றால் நம் வீட்டு மட்டையைக் கொடுப்போம். புதிதாக வந்த பையனோ பெண்ணோ ஓரத்தில் நின்று பார்த்தால், உள்ளே வந்து ஆடு என்று அழைக்கச் சொல்வோம்.

புச்சி பாபு தம் வாழ்நாள் முழுதும் செய்த காரியம் அதுதான்.